ரம்ப மேசைக்கு மெழுகு போடுவது யார்?

எங்கள் பட்டறைச் சுவரில் ஒரே ஒரு விதியைச் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம்: சுவிட்சைப் போட்டவரே மேசையைத் துடைத்து மெழுகு போட வேண்டும். கல்லூரித் தோழர்கள் வரும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டு ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அண்ணல் படத்துக்குக் கீழே இதுதானா கிடைத்தது, நல்ல முழக்கமாக ஒன்று எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்டவர்களும் உண்டு. இந்த வரி எங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெழுகில் ஆரம்பித்தால் சாதியில்தான் போய் நிற்கும்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறோம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் பொம்மையார்பாளையம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆரோவில்லுக்கு ஏறும் செம்மண் மேடு. இன்னும் 25 கிலோமீட்டர் போனால் மரக்காணம், உப்பளங்கள். மரக்காணத்தை வெளியூர்க்காரர்கள் உப்பை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். நம்மவர்களுக்கு 2013 ஏப்ரல் 25-ம் சேர்ந்துதான் ஞாபகத்துக்கு வரும். அன்று எரிந்தவை யாருடைய வீடுகள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கரையில் இரும்பு வாழாது. சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, கேட் கொக்கி எல்லாமே இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உதிரும். காரணம் வெறும் ஈரம் மட்டுமில்லை. கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் வருகிறது. சுத்தமான சாப்பாட்டு உப்பே காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அது அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். அடுப்படியில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். அந்தத் துகள் வார்ப்பிரும்பின் மேல் உட்கார்ந்தால், காய்ந்த நாளில்கூட அந்த இடத்தில் ஒரு பொட்டு நீர் நிற்கிற மாதிரி. இரவு மூடிவிட்டுப் போன மேசை விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும். உப்பளத்தில் உப்பு வாருவதற்கு இரும்பைத் தவிர்த்து நீளக் காம்பு வைத்த மரப்பலகையைப் பிடிப்பதும் இதனால்தான். எங்கள் அம்மாக்களில் இரண்டு பேர் அந்தப் பலகையைப் பிடித்து வளர்த்த பிள்ளைகள் நாங்கள். அவர்களுக்குத் துருவைப் பற்றிப் புத்தகம் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் வெடிப்பைக் காட்டினால் போதும்.

எங்களிடம் இருப்பது கோவையில் வார்த்த பழைய மிஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நடுவில் பிளவு, அதன் வழியாக 10 அங்குல வட்ட ரம்பம் தலை நீட்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால், பல்லின் நுனி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈ.சி.ஆரில் எந்தச் சொகுசுக் காரும் அந்த வேகத்தில் போய் நாங்கள் பார்த்ததில்லை.

மேசை துருப்பிடித்தால் அழகு கெடும் என்பதற்காகவா இத்தனை பேச்சு? இல்லை. துருப்பிடித்த மேசையில் பலகை வழுக்காது. பாதி வழியில் நிற்கும், பிறகு திடீரென்று நகரும். நிற்கிற பலகையை நாம் இன்னும் அழுத்தித் தள்ளுவோம். தோள்பட்டை முன்னால் சாயும். அந்த நேரத்தில் பலகை கொஞ்சம் கோணிக்கொண்டு பின்பக்கத்துப் பல்லில் மாட்டினால் கதை முடிந்தது. ரம்பத்தின் முன்பக்கப் பல் கீழே இறங்குகிறது, பின்பக்கப் பல் மேலே ஏறுகிறது. ஏறுகிற பல் பலகையைத் தூக்கி நம் வயிற்றைப் பார்த்து எறியும். பலகை போன இடத்தில் கை மட்டும் நிற்கும், அழுத்திய விசையோடு. விரல் போவது பெரும்பாலும் இப்படித்தான். மெழுகு போட்ட மேசையில் அதே பலகையை இரண்டு விரலால் நகர்த்தலாம். அழுத்த வேண்டியதில்லை என்பதால், கையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு தள்ளுக்கட்டையால் தள்ள முடியும்.

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் இந்த மிஷினில் காயம்பட்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே கணக்குச் சொல்லியிருக்கிறது. தோல் பட்டதும் ரம்பத்தைச் சில மில்லி நொடிகளில் நிறுத்திவிடும் 'சா ஸ்டாப்' என்ற மிஷின் 2004-லிருந்து அங்கே விற்பனையில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அது இல்லை. இங்கே 2025 வரை இருந்தது 1923-ல் வெள்ளைக்காரன் எழுதிய இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. ஒரு கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ ஒன்று போனால் 7. ஒரே கையில் நான்கு விரலும் போனால் 50. இறைச்சிக் கடைப் பலகையில் விலை எழுதி வைத்ததுபோல இருக்கும். அதையாவது கேட்டு வாங்கத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். தொழிற்சாலைச் சட்டம் 1948 மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2020-ல் நிறைவேற்றிய புதிய சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக்கியது. அதாவது நம் பையன்கள் வேலைக்குப் போகிற ஆறு பேர், எட்டுப் பேர் பட்டறைகள் அன்றும் வெளியே, இன்று இன்னும் வெளியே. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்த அம்பேத்கர், 1946-ல் ஆலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48-க்குக் கொண்டுவந்தார். அந்த 48 மணி எங்கள் சாலையோரப் பட்டறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். யாராவது ஒருவருக்காவது பயன்படும்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக் கண்ணெதிரே தொங்க வேண்டும். ரம்பத்தை முழுக்கக் கீழே இறக்கிவிட வேண்டும். மரத்தூளைப் பிரஷால் தள்ளி வெளியே கொட்டவும். மரத்தூள் பஞ்சு மாதிரி, இரவெல்லாம் ஈரத்தைக் குடித்து இரும்புக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். துரு இருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு தட்டையான மரக்கட்டையில் சுற்றி, ஒரே திசையில் நீளமாகத் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பள்ளமாகும். மேசையின் உயிரே அதன் மட்டத்தில் இருக்கிறது. (இந்தத் தாளுக்கு நம் ஊரில் பெயர் உப்புத்தாள். உப்பு கொண்டுவந்த துருவை உப்புத்தாள் எடுக்கிறது. யார் வைத்த பெயரோ, வாழ்க.) பிறகு மண்ணெண்ணெயின் பிசுக்கு துளியும் இல்லாமல் காய்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். மேசையில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பள்ளங்களையும் மறக்கக் கூடாது. துரு முதலில் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

மெழுகை மெல்லிசாகப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பூசினால் அது அதிகம். பத்து நிமிடம் விட்டால் பனி படர்ந்ததுபோல மங்கும். அப்போது வேறு துணியால் அழுத்தித் தேய்த்து எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்காத ஆள் இல்லை. இரும்பின் நுண்துளைகளில் போய் அடைத்தது மிச்சம். அது போதும். கடையில் டப்பாவில் விற்கிற பேஸ்ட் மெழுகு விலை கூடுதல். நாங்கள் தேன்மெழுகு ஒரு பங்கு, டர்பண்டைன் மூன்று பங்கு சேர்த்துக் காய்ச்சிக்கொள்கிறோம். டர்பண்டைன் தீப்பிடிக்கும், அதனால் அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அதற்குள் டப்பாவை வைத்துக் கரைக்க வேண்டும். தேன்மெழுகு மட்டும் என்றால் வெயிலில் கொஞ்சம் பிசுபிசுக்கும். கார்னாபா கிடைத்தால் சிறிது கலக்கலாம். அது பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையில் சுரக்கும் மெழுகு, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். எதுவுமே இல்லாத நாளில் மின்வெட்டுக்கு வாங்கிய மெழுகுவர்த்தியை மேசையில் உரசித் தேய்த்திருக்கிறோம், அதுவும் ஓடும்.

எண்ணெய் வேண்டாம். தூளைப் பிடித்துக் களிம்பாக்கும், பலகையில் கறை ஏறும், பிறகு பாலிஷ் பிடிக்காது. காருக்குப் போடும் பளபளப்பு மெழுகும் வேண்டாம். பலவற்றில் சிலிக்கான் இருக்கும். அது பலகைக்கு ஒட்டிக்கொண்டு, வார்னிஷ் அடிக்கும்போது மீன் கண் மாதிரி குழி குழியாக விழும். பச்சை மரத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். எங்கள் பக்கம் அதிகம் அறுபடுவது கத்திச்சவுக்கு. வேல மர இனம், துவர்ப்பு உள்ளது. ஈரத்தோடு இரும்பில் பட்டால் மை கொட்டியதுபோலக் கறுத்துவிடும். டீ கிளாஸ் பற்றி நாங்கள் எதுவும் சொல்ல மாட்டோம். வட்டம் வட்டமாகத் தடம் மேசையிலேயே இருக்கிறது.

இவ்வளவும் எங்களுக்கு எங்கே தெரிந்தது என்று கேட்டால், சொந்தப் பட்டறை வைப்பதற்கு முன் வேலை பார்த்த இடத்தில். நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் சேரி, ஒருவர் பக்கத்து ஊர்க் காலனி. பழைய செட்டிநாட்டுக் கதவுகளையும் தூண்களையும் வாங்கி, அறுத்து, மேசையும் கட்டிலுமாக்கி விற்கும் இடம் அது. மூன்று வருடம் அங்கே ரம்ப மேசையைத் தினமும் துடைத்தோம், வாராவாரம் மெழுகு போட்டோம். அந்த மேசையின் ஒவ்வொரு கீறலும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த மூன்று வருடத்தில் ஒரு பலகைகூட அதில் நாங்கள் அறுத்ததில்லை. மேஸ்திரியின் மச்சான் பையன் எங்களுக்குப் பின்னால் வந்தவன், ஆறாம் மாதம் சுவிட்சைத் தொட்டான். நாங்கள் கேட்டபோது மேஸ்திரி கோபப்படவில்லை, அன்பாகத்தான் சொன்னார்: "உங்களுக்கு எதுக்குடா இந்த ஆபத்து? தொடைக்கிற கை சுத்தமான கைடா, அதுக்குன்னு ஒரு கைராசி வேணும்."

யோசித்துப் பாருங்கள். அவர் வசை எதுவும் சொல்லவில்லை. தனி டம்ளரும் அங்கே இல்லை. ஒரு மிஷின், அதைச் சுற்றி இரண்டு வேலை. ஓட்டுவது ஒரு வேலை, துடைப்பது இன்னொரு வேலை. ஓட்டுகிறவருக்குக் கூலி கூடுதல், பெயர் மேஸ்திரி. துடைக்கிறவருக்குப் பெயரே கிடையாது. இந்தப் பிரிவினையைச் சட்டம் போட்டு யாரும் செய்யவில்லை. வேலை தெரிந்ததால், தெரியாததால் வந்த பிரிவும் இல்லை. துடைக்கும் வேலை காலியானதும் கண்கள் தானாக யார் பக்கம் திரும்பின என்பதில் எல்லாம் இருக்கிறது. மலக்குழியில் இறங்கும் வேலையை 2013 சட்டம் தடை செய்த பிறகும் அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள்? அதே கண்கள்தான்.

வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை போட்டோம். மேசை எங்களுடையது, சுவிட்சும் எங்களுடையது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மேசையைத் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூன்று வருடம் துடைத்த கை அது. சேரியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, பொறியியல் டிப்ளமோ முடித்தவர், முகத்துக்கு நேராகவே கேட்டார்: "எங்க தாத்தா ஊர்த் தெரு கூட்டுனாரு, எங்கம்மா ஸ்கூல் கூட்டுறாங்க. நானும் வந்து கூட்டணுமாண்ணே?" பதில் சொல்ல முடியாத கேள்வி. அந்தக் கோபம் நியாயமானது, அதை யாரும் பாடம் நடத்தி அணைக்கக் கூடாது. விளக்குமாற்றைக் கீழே போடுவதில்தான் நம் இயக்கத்தின் பாதி வரலாறு இருக்கிறது.

ஆனால் மேசைக்கு வரலாறு தெரியாதே. அது துருப்பிடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு யோசனை வந்தது: கூலிக்கு ஒரு அக்காவை வைத்துத் துடைக்கச் சொல்லலாம். சொன்னவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் வேலை கிடைக்குமே என்றார். அந்த இரவு முழுக்க வாதம் நடந்தது. அக்கா வந்தால் அவரும் நம் தெருவிலிருந்துதான் வருவார். நாம் மேஸ்திரி ஆவோம், அவர் பெயர் இல்லாதவர் ஆவார். பழைய பட்டறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நம் கொட்டகைக்குள் வைத்த மாதிரி ஆகும், உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மட்டும் மாறியிருப்பார்கள். இதை வேண்டாம் என்று முடிவு செய்ய எங்களுக்கு விடியற்காலை ஆனது. அப்போது எழுதியதுதான் அந்தச் சுவர் வரி. துடைப்பது தனி வேலையாக இருக்கும் வரைக்கும் அது இழிவாக்கப்படும். ஓட்டுவதன் ஒரு பகுதியாக்கிவிட்டால், ஓட்டுகிறவன் தன் விரலுக்காகச் செய்கிற வேலை ஆகிவிடும். டிப்ளமோ தம்பிக்கு முதல் நாளே சுவிட்சைக் கொடுத்தோம், பக்கத்தில் ஒருவர் நின்றபடி. சாயங்காலம் மெழுகு டப்பாவை அவரே எடுத்துக்கொண்டார். பிறகு எங்களைவிட நுணுக்கமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார் என்பது கொஞ்சம் பொறாமையான விஷயம்.

வெளியுலகம் எங்கள் சுவரைப் படித்துவிட்டு நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தலைவாசல் நிலை செய்து கொடுத்தோம். வேப்ப மரம், சட்டம் ஒவ்வொன்றும் எங்கள் மேசையில் அறுத்தது, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு நூல் பிசகாது. வாசக்கால் வைக்கும் நாளில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, தாம்பாளத்தில் வேட்டியும் தேங்காயும் வெற்றிலைப் பாக்கும் பணமும் வைத்து, தச்சருக்குக் கொடுப்பது வழக்கம். வீட்டுக்காரர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி, தாம்பாளம் வாங்க மட்டும் ஒரு ஆசாரிய வரச் சொல்லியிருக்கேன். உங்க காசு பைசா பாக்கியில்லாம வந்துரும்" என்றார். காசு வந்தது. வந்த ஆசாரி அந்த நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டு, எங்களைத் தேடி வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார். தாம்பாளத்தை அவர் எடுத்துப் போனாரா, அங்கேயே வைத்தாரா என்று நாங்கள் நின்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வாசக்கால் வேலை வந்தால் முன்பணத்தோடு ஒரு நிபந்தனையும் சொல்கிறோம்: செய்தவர்தான் தாம்பாளம் வாங்குவார். இதனால் வேலைகள் கைநழுவிப் போகத்தான் செய்கின்றன.

தச்சு வேலை பழகச் சொல்வது குலத்தொழிலுக்குத் திரும்பச் சொல்வது ஆகாதா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்ததை எதிர்த்த மண்ணில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தச்சு எங்களுக்கு விதித்த தொழில் அல்ல, மறுத்த தொழில். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, குடும்ப வழியாகத் தொழில் செய்பவர் என்ற அளவுகோலை வைத்தது. அந்த அளவுகோலில் நாங்கள் தச்சர்களே அல்ல. அந்த வடிவத்தில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கடிதம் எழுதியது சரி. பதிலாக வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள், குலம் கேட்கவில்லை, அதுவும் சரி. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. 22 வயதில் மிஷின் வாங்க நினைக்கிற சேரிப் பையன் 13 வருடம் என்ன செய்வான்? யாருக்காவது மேசை துடைத்துக்கொண்டிருப்பான். அவர்கள் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை விசாரியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டுமானது, முதலீட்டில் 35 சதவீதம் மானியம், 6 சதவீதம் வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். மானியத்தைவிட வங்கி மேலாளரின் மேசையைத் தாண்டுவதுதான் பெரிய வேலை, அதற்கு எந்த மெழுகும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம்தான் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமாகக் கொட்டியது. மிஷினைத் தூக்க முடியாது. முந்தின நாளே இரண்டு கை மெழுகு போட்டு, மோட்டாரை மட்டும் கழற்றிப் பரணில் ஏற்றி, மேசைமேல் பழைய போர்வையை விரித்து, கூரை ஒழுகும் பக்கம் தகரத்தைச் சாய்த்துவிட்டுப் போனோம். தார்ப்பாயை மேசையோடு ஒட்டிப் போர்த்தக் கூடாது. அடியில் வியர்த்து, திறந்து வைத்ததைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். மூன்று நாள் கழித்து மின்சாரம் வருவதற்குள் போர்வை நனைந்து கனத்துப் போயிருந்தது. எடுத்துப் பார்த்தால் இடது பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. தேய்த்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்த வாரம் மேசையில் முதலில் அறுத்தது எங்கள் தெருவில் விழுந்துபோன கூரைகளுக்கான சட்டங்கள், நாள் முழுக்க அறுத்தோம்.

ஐப்பசி பிறந்தால் வாரம் ஒரு முறை என்பதை இரண்டு முறையாக்குகிறோம், புதனும் சனியும். சனிக்கிழமை நான்கு மணிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம், ஓட்டிப் பார்க்கலாம். பெண் தோழர்கள் கட்டாயம் வாருங்கள், இதுவரை இரண்டு பேர்தான் வந்திருக்கிறீர்கள். முழுக்கைச் சட்டையும் துப்பட்டாவும் மோதிரமும் கையுறையும் மிஷின் பக்கம் ஆகாது. வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் துணி தீர்ந்துவிட்டது.